சேவலின் பிடரி இறகும் தூண்டில் முள்ளும்



தோட்டத்தில் முனியாண்டி பூசைக்கோ தீபாவளிக்கோ சேவல் அறுக்கிறோம். கறி அடுப்புக்குப் போகிறது. இறகெல்லாம் வெந்நீரில் நனைந்து, குப்பைக் கூடைக்குப் போகிறது. அந்தக் குப்பையில் ஒரு கைப்பிடி இறகு மட்டும் வேறு ரகம். சேவல் சண்டைக்கு நிற்கும்போது குடைபோல் சிலிர்த்து எழுமே, அந்தப் பிடரி இறகு. அதைத் தூண்டில் முள்ளில் சுற்றி, பூச்சியைப்போல் காட்டி, மீனை ஏமாற்றும் ஒரு கைவேலை உலகில் நெடுங்காலமாக இருக்கிறது. கம்போங் ராஜாவிலும் அதன் சுற்றுப்புறத் தோட்டங்களிலும் இருக்கின்ற குடும்பத்தினர் வீட்டில் உட்கார்ந்தே செய்து பார்க்கக்கூடிய வேலை அது. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

எவ்வளவு பழமை என்று கேட்டால், ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் ஏலியன் என்ற ரோமானிய எழுத்தாளர் இதைக் குறித்து வைத்திருக்கிறார். மாசிடோனியா நாட்டு ஆற்றங்கரை மக்கள் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, அதன்மேல் சேவலின் தாடிக்குக் கீழே வளரும் இரண்டு இறகுகளைப் பொருத்தி மீன் பிடித்தார்கள் என்கிறார். அன்றைக்கே சேவல் இறகுதான் என்பதைக் கவனியுங்கள். இத்தனை நூற்றாண்டுகளில் தூண்டிற்கோல் மாறிவிட்டது, நூல் மாறிவிட்டது, முள் மாறிவிட்டது. இறகு மட்டும் மாறவில்லை.

தமிழர் வாழும் மலைத்தோட்டங்களுக்கு இந்தக் கலை வெள்ளைக்காரத் துரைமாரோடு வந்தது. குளிர்ந்த ஓடையைக் கண்டால் அவர்களுக்கு டிரவுட் மீன் நினைவு வந்துவிடும். நீலகிரியில் 1863ஆம் ஆண்டிலேயே பிரான்சிஸ் டே என்ற மருத்துவர் அந்த மீனைக் கொண்டுவர முயன்றார், கைகூடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் என்பவர் எடுத்த முயற்சியில்தான் வானவில் டிரவுட் அங்கே நிலைத்தது. அதற்காக அவலாஞ்சியில் மீன்குஞ்சு பொரிப்பகமும் அமைந்தது. மூணாற்றிலும், இலங்கையில் நுவரெலியாவிலும் இதே கதைதான். அங்கெல்லாம் மீன் பிடிக்கச் சங்கம் இருந்தது, உரிமச் சீட்டு இருந்தது, சீமையிலிருந்து வந்த மூங்கில் கோல் இருந்தது. கொழுந்து பறித்த நம் மக்களுக்கும் அதற்கும் தொடர்பு இருந்ததென்றால், கூடை சுமந்த தொடர்புதான்.

ஆனால் நம் மலைகளின் இறகு மட்டும் சீமைக்குக் கப்பலேறியது. தென்னிந்தியக் காடுகளில் சாம்பல் காட்டுக்கோழி என்றொரு பறவை உண்டு. அதன் சேவலுக்குக் கழுத்து இறகில் மெழுகு சொட்டினாற்போல மஞ்சள் வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். சால்மன் மீனுக்குக் கட்டும் பூச்சிகளில் கண் வைப்பதற்காக அந்த இறகைத் தேடித் தேடி வாங்கினார்கள். அதற்காகவே பறவையைக் கொன்று குவித்தார்கள். பின்னர் இந்திய அரசு ஏற்றுமதியைத் தடுத்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்குக் காவலாக வந்தது. இங்கேயும் அப்படியே. காட்டில் கூவும் ஆயாம் ஹூத்தானை அனுமதியில்லாமல் பிடிப்பது குற்றம். நமக்கு அது தேவையும் இல்லை. வீட்டுச் சேவல் போதும்.

துரைமார் வழி ஒன்றுதான் வழி என்று நினைத்துவிடாதீர்கள். ஜப்பான் நாட்டு மலைக் கிராமங்களில் டென்காரா என்று ஒரு முறை இருக்கிறது. நீண்ட மூங்கில் கோல், அதன் நுனியில் கட்டிய ஒரே நூல், அந்த நூலின் முடிவில் இறகு சுற்றிய ஒரு முள். உருளை இல்லை, வேறு கருவி எதுவும் இல்லை. மலைவாசிகள் இப்படி மீன் பிடித்து விடுதிகளுக்கு விற்றுப் பிழைத்தார்கள். நம் பிள்ளைகள் கையில் இருக்கும் மூங்கில் தூண்டிலுக்கும் அதற்கும் தூரம் அதிகமில்லை. ஆகவே இது பணக்காரர் விளையாட்டு என்று ஒதுங்க வேண்டிய காரியமன்று.

சரி, இறகுக்கு வருவோம்.

பூச்சி நீரின்மேல் எப்படி நிற்கிறது? ஓடையோரம் நீர்மேல் நடக்கும் பூச்சியைப் பார்த்திருப்பீர்கள். அதன் கால் நுனிகள் நீரின் மேற்பரப்பை அழுத்துகின்றன, ஆனால் கிழிப்பதில்லை. நீரின் மேற்புறம் மெல்லிய தோல்போல இழுபட்டு நின்று அதைத் தாங்குகிறது. நாம் சுற்றும் இறகின் இழைகளும் அந்தக் கால்களின் வேலையைத்தான் செய்ய வேண்டும். முள்ளைச் சுற்றி நூறு இழைகள் குத்திட்டு நின்றால், இரும்பு முள்ளின் கனம் நூறு நுனிகளுக்குப் பகிர்ந்துபோகிறது. இழைகள் விறைப்பாக இருந்தால் முள் மிதக்கும். நனைந்து துவண்டால் மூழ்கும்.

இதிலிருந்தே எந்த இறகு வேண்டும் என்பது தெரிந்துவிடுகிறது. ஓர் இறகை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நடுத்தண்டை ஒட்டி மங்கலாக, பஞ்சுபோல ஒரு பட்டை தெரியும். அந்தப் பட்டை நீரைக் குடிக்கும். வயது முதிர்ந்த சேவலின் பிடரி இறகில் அது மெல்லிய கோடாக இருக்கும். இழைகள் பளபளவென்று விறைத்து நிற்கும். பெட்டைக்கோழியின் இறகில் பட்டை அகலம், இழை மிருது. முதலாவது மிதக்கும் பூச்சிக்கு, இரண்டாவது மூழ்கும் பூச்சிக்கு. பாசாரில் விற்கும் இறைச்சிக் கோழி சில வாரங்களிலேயே அறுக்கப்படுவதால் அதன் பிடரி இறகு முதிர்ந்திருக்காது. ஓராண்டு தாண்டிய கம்பத்துச் சேவல்தான் இதற்கு ராசா. நோய் கண்டு செத்த கோழியின் இறகைத் தொட வேண்டாம். உயிருள்ள கோழியிடம் பிடுங்கவும் வேண்டாம்.

சேவலை அறுக்கும் நாளில், வெந்நீரில் முக்குவதற்கு முன்பே பிடரி இறகையும், வாலுக்கு முன்னால் இடுப்பில் இரு பக்கமும் தொங்கும் நீண்ட இறகையும் எடுத்துவிடுங்கள். சவர்க்கார நீரில் அலசி, நிழலில் உலர்த்தி, மூடியுள்ள டின்னில் அந்துருண்டையோடு போட்டு வையுங்கள். நம் மலையின் ஈரத்தில் பூஞ்சணம் சீக்கிரம் பிடிக்கும். நன்றாகக் காய்ந்த பிறகே மூட வேண்டும்.

கருவிகள் அதிகம் வேண்டாம். முள்ளின் வளைவைக் கவ்விப் பிடிக்கச் சிறிய வைஸ் ஒன்று. அது இல்லையென்றால், ஒரு குறட்டில் முள்ளைக் கவ்வி, கைப்பிடியில் ரப்பர் வளையம் போட்டு இறுக்கி, மேசையோரத்தில் கட்டிக்கொள்ளலாம். இறகின் நுனியைப் பிடிக்க ஒரு கவ்வி. அதற்குப் பெண்கள் தலைமுடிக்குப் போடும் சின்னக் கிளிப்பே போதும். அதன் வாயில் துளி ரப்பரை ஒட்டினால் இறகு வழுக்காது. மெல்லிய தையல் நூல், அதில் தடவத் தேன்மெழுகு, கூரான கத்தரி, நிறமில்லாத நகப்பூச்சு. முள் 10ஆம் எண் அளவில் இருக்கட்டும். இந்த எண் கூடக்கூட முள் சிறிதாகும் என்பதைக் கடையில் கேட்கும்போது மறக்காதீர்கள். வேலையைத் தொடங்குமுன் முனைக்குப் பின்னாலிருக்கும் எதிர்முள்ளைக் குறட்டால் அழுத்தித் தட்டையாக்கிவிடுங்கள். பிள்ளைகள் விரலில் ஏறினாலும் எளிதாகக் கழற்றலாம். சின்ன மீனை விட்டுவிடவும் உதவும்.

இறகின் அளவைப் பார்க்க ஒரு சுலப வழி. இறகை முள்ளின் காம்பைச் சுற்றி வளைத்துப் பிடியுங்கள். விரிந்து நிற்கும் இழையின் நீளம், முள்ளின் வாய், அதாவது காம்புக்கும் முனைக்கும் இடையிலுள்ள அகலம் இருக்கிறதே, அதைப்போல் ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும். அதைவிடக் குட்டையானால் பூச்சி படுத்துவிடும். நீண்டால் தலைகுப்புற விழும். நீண்ட இழையின் நுனியைக் கத்தரியால் சுற்றிலும் வெட்டிச் சமன்செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. இயற்கையாகக் கூர்ந்து வரும் நுனிதான் நீரின்மேல் பதமாகப் படியும். வெட்டிய நுனி கட்டையானது. அடிப்பக்கத்தில் மட்டும் சிறிது கத்தரிக்கும் வழக்கமுண்டு. அதை வேண்டுமானால் ஏற்கலாம்.

இப்போது கட்டுவோம். நூல் வரும் கண் உங்கள் வலப்பக்கம் இருக்கும்படி முள்ளைக் கவ்வுங்கள். கண்ணுக்குப் பின்னால் நூலைத் தொடங்கி, மேலாக உங்களைவிட்டு அப்பால் போகும்படி சுற்றிக்கொண்டே வளைவு வரை செல்லுங்கள். இந்த நூல் அடித்தளம் இல்லாமல் வழவழப்பான இரும்பின்மேல் எதுவும் நிற்காது. வளைவின் அருகில் விறைப்பான சேவல் இழைகள் எட்டுப் பத்தை வாலாகக் கட்டுங்கள். பிறகு மெல்லிய கம்பளி நூலால் உடல். அது காம்பின் மூன்றில் இரண்டு பங்கோடு நிற்கட்டும். மிச்சமிருக்கும் மூன்றில் ஒரு பங்கு இறகுக்கு. அதிலும் கண்ணை ஒட்டிக் கண்ணகலத்துக்கு இடம் வெறுமையாக இருக்க வேண்டும். புதிதாகக் கட்டுபவர்கள் இந்த இடத்தைத்தான் தின்றுவிடுவார்கள். பிறகு முடிச்சுப் போட இடமிருக்காது; கண்ணில் இழை அடைத்து, தங்கூசி நுழையாது.

இறகின் அடிப்பகுதியில் இருக்கும் பஞ்சையெல்லாம் உருவி எறியுங்கள். நடுத்தண்டு கொஞ்சம் வெறுமையாக நிற்க வேண்டும். அந்தத் தண்டைக் காம்போடு படுக்கவைத்து நூலால் கட்டும்போது, கட்டிய இடத்துக்கும் முதல் இழைக்கும் நடுவே இரண்டு மில்லிமீட்டர் வெறுந்தண்டு விடுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் முழு வேலையும் இதில் இருக்கிறது என்பேன். அந்த வெறுந்தண்டு விடாவிட்டால், இறகு சுற்றத் திரும்பும் முதல் அரைச் சுற்றிலேயே இழைகள் நூலில் மாட்டி இங்குமங்கும் பிதுங்கும். முதல் சுற்று கோணினால், அதன்மேல் சாய்ந்து வரும் மற்றச் சுற்றுகளும் கோணும். தண்டின் மிச்சத்தை ஒருமுறை மடக்கி அதன்மேலும் நூலைச் சுற்றிவிட்டால் மீன் இழுத்தாலும் உருவிக்கொண்டு வராது.

நூலைக் கண்ணருகே கொண்டுபோய்த் தொங்க விடுங்கள். இறகின் நுனியைக் கிளிப்பால் கவ்வி, காம்புக்குச் செங்குத்தாக நிமிர்த்திப் பிடியுங்கள். நூலைச் சுற்றிய அதே திசையில் சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் முன்பக்கத்தைத் தொட்டுக்கொண்டு, ஆனால் அதன்மேல் ஏறாமல் விழ வேண்டும். ஏறினால் கீழே இருக்கும் இழைகள் நசுங்கிப் படுத்துவிடும். 10ஆம் எண் முள்ளுக்கு ஐந்தாறு சுற்றுப் போதும். இழுவை ஒரே சீராக இருக்கட்டும். இதை வாயால் சொல்லிப் புரியவைப்பது கடினம். பூ கட்டும் பெண்களுக்குச் சொல்லாமலே தெரியும். வாழைநாரை இறுக்கினால் காம்பு அறுகிறது, தளர்த்தினால் பூ உதிர்கிறது அல்லவா? அதே கைப்பதம்.

கொழுந்து பறித்த விரலுக்கு இது வரும் என்று சிலர் சொல்வார்கள். இன்று கத்தரியும் இயந்திரமும் வந்தபின் இரண்டு இலையும் ஒரு குருத்தும் கையால் கிள்ளுவது அருகிவிட்டது. என்றாலும் பூ கட்டுவது வீட்டில் இருக்கிறது. அது போதும்.

சுற்றும்போது தண்டு தானாகப் புரண்டு இழைகள் முன்னும் பின்னும் கலைவதுண்டு. வேகமாக மேலே போகாதீர்கள். ஒரு சுற்றைப் பிரித்து, கிளிப்பை அரைத் திருப்புத் திருப்பி மறுபடி சுற்றுங்கள். தண்டு பட்டென்று முறிகிறதென்றால் இறகு காய்ந்துபோயிருக்கிறது. கொதிக்கும் கெண்டியின் ஆவியில் சிறிது காட்டிவிட்டு எடுத்தால் வளையும். இரண்டு நிற இறகு வேண்டுமென்றால் இரண்டையும் சேர்த்தே கட்டி, முதலில் ஒன்றைச் சுற்றி முடியுங்கள். இரண்டாவதை அதன் ஊடே சுற்றும்போது, தலை வாரும் சீப்பை அசைப்பதுபோல் இடமும் வலமும் இலேசாக ஆட்டிக்கொண்டே போங்கள். முதல் இறகின் இழைகள் விலகி வழிவிடும்.

இறகுக்கு மின்னும் பக்கம், மங்கிய பக்கம் என்று இரண்டுண்டு. மின்னும் பக்கம் கண்ணை நோக்கியிருந்தால் இழைகள் பின்னோக்கி இலேசாகக் கவியும். மங்கிய பக்கம் கண்ணை நோக்கினால் முன்னோக்கிச் சாயும். மிதக்கும் பூச்சிக்கு இரண்டையும் செய்கிறார்கள். எது சரி என்று விவாதிப்பவர்கள் விவாதித்துக்கொண்டே இருக்கட்டும். மீன் அதைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. மூழ்கும் பூச்சியில்தான் இது முக்கியமாகிறது. ஜப்பானியர் பெட்டைக்கோழியின் மெல்லிறகை இரண்டே சுற்று, இழைகள் கண்ணை நோக்கி முன்னால் விரியும்படி சுற்றுவார்கள். அதற்குச் சாகாசா கெபாரி என்று பெயர். நீரில் மெதுவாக இழுத்தால் இழைகள் பின்னே மடியும். விட்டால் மறுபடி முன்னே விரியும். உயிருள்ள பூச்சி கால் உதைப்பதுபோலவே இருக்கும். நம் மூங்கில் தூண்டிலுக்கு மிகப் பொருத்தமானது இதுதான் என்பது என் எண்ணம். வளரும் பிள்ளைகள் இதிலிருந்தே தொடங்கலாம்.

சுற்றி முடிந்ததும் இறகு நுனியைக் கிளிப்போடு நிமிர்த்திப் பிடித்து, தொங்கும் நூலை அதன் தண்டின் குறுக்கே மூன்று சுற்று அழுத்திச் சுற்றுங்கள். இடக்கை விரல்களால் இழைகளைப் பின்னுக்குத் தள்ளிப் பிடித்தால் நூலில் சிக்காது. நுனியை வெட்டி, முடிச்சுப் போட்டு, குண்டூசி முனையால் ஒரே ஒரு சொட்டு நகப்பூச்சு வையுங்கள். அது இழைக்குள் ஓடினால் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். காய்ந்தபின் பூச்சியை மேசைமேல் வைத்துப் பாருங்கள். இழை நுனியும் வாலும் ஊன்றி, முள்ளின் வளைவு மேசையை இலேசாகத் தொட்டும் தொடாமலும் நின்றால் கட்டு நேர்த்தி. அடுத்து, ஒரு பேசினில் தண்ணீர் நிரப்பி, சாண் உயரத்திலிருந்து போடுங்கள். நிமிர்ந்து மிதந்தால் ஓடைக்குக் கொண்டுபோகலாம்.

எந்த ஓடைக்கு? இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். இறகுப் பூச்சியை மீன் கண்ணால் பார்த்துத்தான் பிடிக்கிறது. தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும். காய்கறித் தோட்டங்களுக்காக மலைச்சரிவைத் திறந்த பிறகு, ஒரு மழை பெய்தால் தெலோம் ஆறு பால் ஊற்றிய தேநீர் நிறத்துக்கு வந்துவிடுகிறது. 1963இல் கட்டிய சுல்தான் அபு பாக்கார் அணையின் ரிங்லெட் ஏரியில் மண் படிந்து, தூர்வாருவதே ஓயாத வேலையாகிவிட்டது. கலங்கிய நீரில் மண்புழு வேலை செய்யும், இறகு செய்யாது. ஆகவே மழை விட்டு இரண்டு நாள் கழித்து, காட்டுக்குள்ளிருந்து நேராக வரும் தெளிந்த ஓடைகளைத் தேடுங்கள். மலையிறங்கிப் பகாங்கின் பெரிய ஆறுகளுக்குப் போகிறவர்களுக்கு தெங்காஸ் உண்டு, துரத்திக் கவ்வும் செபாராவும் உண்டு. செபாராவுக்குப் பெரிய முள்ளில், வாலிலிருந்து தலைவரை இறகை இடைவெளி விட்டுச் சுருளாகச் சுற்றி, அதன்மேல் மெல்லிய செம்புக் கம்பியை எதிர்த்திசையில் ஓட்டுங்கள். அந்த மீனின் கடியில் தண்டு அறுந்தாலும், கம்பி இறகைப் பிடித்து நிறுத்தும். கெலா கிடைக்கும் இடங்களில் அனுமதி விதிகளும், பிடித்ததை விட்டுவிடும் ஒழுங்கும் உண்டு. மீன்வள இலாகாவில் கேட்டறிந்து செல்வது நல்லது. தூபா வேரை இடித்துக் கலக்குவதும் மின்சாரம் பாய்ச்சுவதும் சட்டத்துக்கு விரோதம். அதோடு அடுத்த ஆண்டு மீனையும் சேர்த்தே கொல்லுகிற வேலை.

இதில் வருமானம் உண்டா என்ற கேள்வி எழும். உலகச் சந்தையில் விற்கும் பூச்சிகளில் பெரும்பகுதி கென்யா, இலங்கை, தாய்லாந்து போன்ற நாடுகளில், தொழிற்கூடங்களில் உட்கார்ந்து கட்டுபவர்களின் கையால் வருகிறது. அவர்களில் மிகப் பலர் பெண்கள். நாளெல்லாம் ஒரே மாதிரியாக, ஒன்றுக்கொன்று வேறுபாடு தெரியாமல் கட்ட வேண்டும். கூலி கட்டிய எண்ணிக்கையைப் பொறுத்தது. அவர்களோடு விலையில் போட்டியிட்டு வீட்டிலிருந்து பிழைக்கலாம் என்று நான் ஆசை காட்டமாட்டேன். இறகு வியாபாரமும் நிலையில்லாதது. அமெரிக்காவில் இதற்கென்றே தனிச் சேவல் இனங்களை வளர்க்கிறார்கள். அவற்றின் இடுப்பிறகு ஒன்றிலேயே பல பூச்சிகள் கட்டலாம். 2011ஆம் ஆண்டில் அங்கே பெண்கள் அந்த இறகைக் கூந்தலில் சொருகும் நாகரிகம் கிளம்பியது. விலை பல மடங்கு ஏறி, மீன் பிடிக்கிறவர்களுக்கு இறகே கிடைக்காமல் போயிற்று. பிறகு நாகரிகம் மாறியது, விலை இறங்கியது. ஆனால் மலைக்கு வரும் தூண்டில்காரர்களுக்குச் சொந்தக் கையால் கட்டிய நல்ல பூச்சி பத்துப் பன்னிரண்டு விற்று, பிள்ளையின் பள்ளிக் காலணிக்குச் சேர்த்து வைக்கலாம். அந்த அளவுக்கு எதிர்பார்த்தால் ஏமாற்றமில்லை.

கடைசியாக, ஓடையிலிருந்து வந்ததும் பூச்சியை ஈரத்தோடு டப்பாவில் அடைக்காதீர்கள். முள் துருப்பிடித்து, அந்தத் துரு இழையின் அடியைத் தின்றுவிடும். நல்ல தண்ணீரில் அலசி, அடுப்பு மேட்டில் ஓர் இரவு காய வையுங்கள். மீன் வாயில் மாட்டி நசுங்கிப்போன பூச்சியைக் குறட்டால் பிடித்து, கெண்டி மூக்கில் வரும் ஆவியில் சில விநாடி காட்டுங்கள். மடங்கிய இழைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து, முதல்நாள் கட்டியதுபோல் விரிந்து நிற்கும்.